கரிமூட்டத்தில் தொடங்கிய பாலம்

திருமேனி கிரகணத்தை நாழிகை பிசகாமல் சொல்லிவிடுவார். முப்பது வருடம் பஞ்சாங்கம் கணித்த கை. எந்த அமாவாசை எப்போது பிறக்கும் என்று கேட்டால், கேட்டவர் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். ஐம்பத்திரண்டாம் வயதில் அதையெல்லாம் விட்டுவிட்டு உலகம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

“மகள் வயசுப் பொம்பளைகிட்டப் போயா பாடம் கேக்கப் போறீரு?” என்று ஊரில் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மடம் மலையடிவாரத்தில், நீலாற்றின் மேற்குக் கரையில் இருந்தது. உலகம்மை வைத்தியமும் பார்ப்பார். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எதுவானாலும் எதிர்க்கரையின் ஏழு சிற்றூர்களும் அவரைத்தான் தேடி வரும். கோடையில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். நடந்தே வந்துவிடுவார்கள். ஆனி பிறந்து மலையில் மழை பிடித்துவிட்டால் கதையே வேறு. பரிசல்கூடப் போட முடியாது. ஏழு ஊரும் இரண்டு மாதம் தனித்தீவு.

போன ஆடியில் செண்பகம் என்ற பெண்ணுக்கு எதிர்க்கரையில் வலி கண்டது. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. அவள் புருஷன் கரையில் நின்று ஒரு சிவப்புத் துணியை வீசிக்கொண்டே இருந்தான். உலகம்மை மருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கினார். பரிசல்காரர்கள் இழுத்துக் கரையேற்றினார்கள். மறுபடி இறங்கினார். மறுபடி இழுத்தார்கள். இரண்டு நாள் அப்படி. திருமேனி பக்கத்தில் நின்றார். இன்னும் எத்தனை நாளில் வெள்ளம் வடியும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். பதினேழு நாள். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அந்தத் துணி அசையவில்லை.

உலகம்மை அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மாசி மாதம் பாதி கழிந்து ஒருநாள் காலை, முற்றத்தில் மூலிகை காயவைத்துக்கொண்டே சொன்னார்.

“ஆனி பிறப்பதற்குள் ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும். நீங்கள் கட்டுங்கள்.”

திருமேனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எனக்குக் கட்டத் தெரியாதே அம்மா. நான் ஒரு சுவர்கூட எழுப்பியதில்லை.”

“கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.”

“பிறகு நான் எதற்கு?”

“அவர்களுக்குள் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.”

திருமேனி அந்தப் பேச்சைக் காதில் வாங்கினார். மனதில் வாங்கவில்லை. நூறு நாள் இருக்கிறது என்பது மட்டும்தான் அவர் தலையில் ஓடியது.

மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் ஒரு நீண்ட துணிச்சுருளோடு வந்தார். அதில் நூறு நாளும் கோடு கோடாக இருந்தது. கல் உடைக்க இருபது நாள். நான்கு தூண் எழுப்ப முப்பத்தைந்து நாள். உத்திரம் அறுக்க, பலகை இழைக்க, இரும்புப் பட்டை அடிக்க, எல்லாவற்றுக்கும் நாள் குறித்திருந்தார். நூறாவது நாள் மாலை கடைசி ஆணி. பஞ்சாங்கம்போல அழகாக இருந்தது.

உலகம்மை உட்கார்ந்து முழுவதும் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை.

“கல் உடைக்க இருபது நாள் என்று யார் சொன்னது?”

“நான்தான் கணித்தேன் அம்மா.”

“கல் உடைக்கிறவர் என்ன சொல்கிறார்?”

“அவரிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.”

உலகம்மை சுருளைச் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தார்.  அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு திருமேனி ஆற்றங்கரைக்கு ஓடினார்.

ஒரே நாளில் எல்லா வேலையும் தொடங்கியது. மேற்கே பாறைமேட்டில் கொம்பையாவும் அவர் ஆட்களும் கல் உடைத்தார்கள். கரையில் அருணாசல ஆசாரி பந்தல் போட்டு மரம் அறுத்தார். பேச்சியப்பனின் கொல்லுப்பட்டறையில் துருத்தி மூச்சுவிட்டது. எங்கு பார்த்தாலும் சத்தம். திருமேனி சுருளைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நில்லாமல் நடந்தார். இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாக வேலை பார்க்கும்போது பாலம் வராமல் எங்கே போகும்?

பத்து நாள் அப்படிப் போனது. பிறகு சத்தம் குறையத் தொடங்கியது.

பாறைமேட்டில் ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரி பந்தலில் அறுத்த மரம் அடுக்கியபடி கிடந்தது, ஆசாரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். திருமேனி சுருளைப் பிரித்துப் பார்த்தார். கல் வேலை ஆறு நாள் பின்தங்கிவிட்டது.

“ஆள் போதவில்லை” என்று முடிவு செய்தார். ஏழு ஊருக்கும் சொல்லி அனுப்பி, பாறைமேட்டுக்கு இன்னும் இருபது பேரை வரவழைத்தார். அவர்களுக்குக் கல் உடைத்துப் பழக்கமில்லை. கொம்பையா தன் வேலையை விட்டுவிட்டு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. உளிகள் மளமளவென்று மழுங்கின. நாலே நாளில், முன்பு உட்கார்ந்திருந்தவர்களோடு புதிதாக இருபது பேரும் உட்கார்ந்தார்கள்.

திருமேனி சத்தம் போட்டார். தொண்டை கட்டும்வரை போட்டார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் குருவின் முன்னால் போய் நின்றார். கண் சிவந்திருந்தது.

“அம்மா, இவர்கள் சோம்பேறிகள். திட்டத்தில் பிழையில்லை. ஆட்களில்தான் பிழை.”

உலகம்மை செருப்பை மாட்டிக்கொண்டார். “வாருங்கள், நடந்துவிட்டு வரலாம்.”

இருவரும் முதலில் ஆசாரி பந்தலுக்குப் போனார்கள். உலகம்மை கேட்டது ஒரே கேள்வி.

“ஆசாரி, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?”

“தூணுக்குத்தாம்மா. தூணு எந்திரிக்காம உத்திரத்தை எது மேல வைக்க? அப்படியே வச்சாலும் இறுக்கிப் பிடிக்க இரும்புப் பட்டை இல்ல. ஒண்ணுகூட வரல.”

அங்கிருந்து பாறைமேடு.

“கொம்பையா, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?”

கொம்பையா ஒரு கூடையைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே நுனி மழுங்கிய உளிகள். “உளிக்கும்மா. காய்ச்சித் தட்டி வாங்கணும். கொல்லுப்பட்டறைக்கு அனுப்பி அஞ்சு நாளாச்சு. திரும்பி வரல.”

அங்கிருந்து கொல்லுப்பட்டறை. பேச்சியப்பன் வாசலில் உட்கார்ந்து பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலை ஆறிக் கிடந்தது.

“பேச்சியப்பன், எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?”

“கரிக்கு” என்றார் அவர். “பட்டைக்குன்னு வச்சிருந்த கரி எல்லாம் உளிக்கே போச்சு. இருபது பேரைப் புதுசா எறக்கினாங்க. ஒரு நாளைக்கு நாப்பது உளி வந்தா நான் என்ன செய்வேன்? இப்பம் உளிக்கும் கரியில்ல, பட்டைக்கும் கரியில்ல.”

திருமேனி தலை குனிந்தார். “கரி எங்கிருந்து வரும்?” என்று கேட்டது அவரேதான்.

பேச்சியப்பன் மலையைக் கையால் காட்டினார்.

ஒரு நாழிகை மேலே ஏறினார்கள். மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. அங்கே விறகை அடுக்கி மேலே மண் பூசிய ஒரே ஒரு கரிமூட்டம், மாட்டு வயிறு போலப் புடைத்து, மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் மண்வெட்டியோடு குத்தவைத்திருந்தாள். பெயர் இசக்கி. முகம், கை, சேலை எல்லாம் ஒரே கரி. புகை எந்த இடத்தில் அதிகமாக வருகிறதோ அங்கே ஒரு கை மண் அள்ளிப் போட்டாள்.

“இசக்கி, பாலத்துக்குக் கரி வேண்டுமே” என்றார் திருமேனி.

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன பாலம்?”

காற்று திரும்பிப் புகை மூவர் மேலும் வந்தது. திருமேனி இருமினார். அவருடைய சுருளில் நூறு நாளும், நாற்பது வேலையும், அறுபது பேர் பெயரும் இருந்தன. இந்தப் பெண் அதில் இல்லை.

அவர் தரையில் உட்கார்ந்தார். குருவைப் பார்க்கவில்லை. இசக்கியைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு மூட்டம் வேக எத்தனை நாள் ஆகும்மா?”

“பன்னெண்டு. பதினொண்ணுல தொறந்தா பாதி விறகு. பதிமூணுல சாம்பலு.”

“எவ்வளவு கரி வரும்?”

“இருவது கூடை.”

கிளம்பும்போது பேச்சியப்பன் நூற்றிருபது கூடை வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆறு மூட்டம். எழுபத்திரண்டு நாள். அதன்பிறகு பட்டை அடித்து, தூண் முடித்து, உத்திரம் ஏற்றி... ஆடி மாதம் வந்துவிடும். வெள்ளத்துக்கு நடுவே பாதிப் பாலம் நிற்கும்.  இந்தப் பத்தொன்பது நாளும் பாறைமேட்டில் யார் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும், பாலம் ஒரு நாள்கூட முன்னால் வந்திருக்காது.

“உன்னால் ஒரே நேரத்தில் எத்தனை மூட்டம் பார்க்க முடியும்?”

இசக்கி யோசித்தாள். அவளிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“மூணு பாப்பேன் சாமி. நாலாவது மூட்டினா மூணையும் சேத்துக் கெடுப்பேன்.”

“மூன்று போட என்ன வேண்டும்?”

“வெறகு வெட்ட ஆளு. குழி தோண்ட ஆளு. அதான் இல்லியே. நான் ஒருத்திதானே.”

திருமேனி எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. “இருபது பேர் இருக்கிறார்கள்” என்றார். “கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்.”

 இறங்கி வரும்போது பாதி வழியில் உலகம்மை ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

மறுநாள் இருபது பேரும் மலையேறினார்கள். ஐந்து நாளில் மூன்று மூட்டம் புகைந்தது. முதல் கூடை கரி பட்டறைக்கு வந்த அன்று பேச்சியப்பன் துருத்தியை மிதித்துக்கொண்டே பாட்டுப் பாடினார். அவர் பாடி ஊரில் யாரும் கேட்டதில்லை.

திருமேனி பழைய சுருளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுதத் தொடங்கினார். இந்தத் தடவை அறைக்குள் உட்காரவில்லை. ஒவ்வொருவரிடமும் போனார். “உங்கள் வேலை தொடங்க உங்கள் கையில் முதலில் எது வர வேண்டும்? வந்தபின் எத்தனை நாள்?” இரண்டே கேள்வி. சொன்னதை அவர்கள் கண் முன்னாலேயே எழுதினார். யாருடைய வேலை யாருக்காகக் காத்திருக்கிறது என்று கோடு இழுத்தார். இழுத்து முடித்ததும், எல்லாக் கோடுகளிலும் நீளமானது மலையிலிருந்து கிளம்பி, பட்டறை, பாறைமேடு வழியாக, ஆசாரி பந்தலுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கோட்டின் மேல் மஞ்சள் தடவினார்.

ஆனால் கூட்டிப் பார்த்தபோது நாள் நூற்றுப் பதினைந்து வந்தது.

கொம்பையாவிடம் திரும்பிப் போனார். “தூணுக்கு நாற்பது நாள் சொன்னீர்களே. உண்மையிலேயே நாற்பதா?”

கொம்பையா தலையைச் சொறிந்தார். “முப்பது போதும் சாமி.”

“பிறகு ஏன் நாற்பது?”

“ஒரு நாளு தப்பினா நீங்க சத்தம் போடுதீங்கல்லா. அதுக்கு வச்ச நாளு அது.”

திருமேனிக்கு முகம் சுருங்கியது. பிறகு அவரும் சிரித்தார், கொம்பையாவும் சிரித்தார்.

“இனிச் சத்தம் போட மாட்டேன். எல்லாரும் மெய்யான நாளைச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்கும் நாளைக் கடைசியில் ஒன்றாக வைக்கிறேன். யாருக்கு இடைஞ்சல் வருகிறதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கமாட்டேன்.”

எல்லோரும் மெய்யான நாளைச் சொன்னபோது, எண்பத்தொன்பதாம் நாளில் பாலம் முடிந்தது, சுருளில். ஆனிக்கு முன்னால் பதினோரு நாள் வெறுமையாக நின்றது. அந்தப் பதினோரு கட்டத்திலும் ஒன்றும் எழுதவில்லை. குருவிடம் காட்டினார். உலகம்மை அந்த வெற்றுக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதற்கு யார் சொந்தக்காரர்?”

“எல்லோரும் அம்மா.”

“நன்றாகக் காவல் காத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

காவலுக்கு வேலை சீக்கிரமே வந்தது. கிழக்குக் கரையில் ஆவுடையப்பர் என்று ஒரு பெரிய நிலக்காரர். உத்திரத்துக்கான வேங்கை மரம் முழுவதும் அவர் தோப்பிலிருந்துதான் வந்தது. இரண்டு தூண் எழுந்து, மூன்றாவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, வில்வண்டியில் வந்து இறங்கினார். சுற்றிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“எல்லாம் சரி. நடுவுல ஒரு தூண் மேல சின்ன மண்டபம் வச்சிருங்க. எங்க அய்யா பேருல. நாலு கால் மண்டபம் போதும். அப்படியே பாலத்தை ரெண்டு முழம் அகலம் கூட்டிட்டா வில்வண்டி தாராளமாப் போகும்.”

அதைக் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மரம் தந்தவர். இல்லை என்றால் மிச்ச மரம் வருமா?

திருமேனிக்கும் அந்தப் பயம் இருந்தது. நாவில் சரி என்ற சொல் வந்து நின்றது. பதினோரு நாள் சும்மாதானே கிடக்கிறது, ஒன்பது நாளில் மண்டபத்தை முடித்துவிடலாம் என்று உள்ளே ஒரு குரல் கணக்குப் போட்டது. கரைமேல் உலகம்மை ஒரு குழந்தைக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். பார்த்தார், மறுபடி குழந்தையிடம் குனிந்துகொண்டார். உதவிக்கு வரப்போவதில்லை என்று திருமேனிக்குப் புரிந்தது.

சுருளை மணலில் விரித்தார். ஒரு கரித்துண்டை எடுத்து ஆவுடையப்பர் கையில் கொடுத்தார்.

“அண்ணாச்சி, மண்டபம் கட்டலாம். அகலமும் கூட்டலாம். இரண்டுக்கும் சேர்த்து இருபது நாள். இதோ ஆனி முதல் தேதி. இதோ இன்று. எந்த இருபது நாளை எடுக்கலாம் என்று நீங்களே அடித்துக் காட்டுங்கள்.”

ஆவுடையப்பர் கரித்துண்டோடு குனிந்தார். மஞ்சள் கோட்டின் மேல் விரல் ஓட்டினார். “இது என்ன?” “கரி.” “இது?” “பட்டை. அது இல்லாமல் உங்கள் வேங்கை மரம் நிற்காது.” “இந்த வெறுங்கட்டம்?” “அது வெள்ளத்துக்கு.” “எந்த வெள்ளம்?” “எனக்குத் தெரியாத வெள்ளம் அண்ணாச்சி.”

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். வண்டிமாடு மணியாட்டியது. கடைசியில் நிமிர்ந்தபோது நெற்றியில் வியர்வை. கரித்துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“பாலம் முடியட்டும். மண்டபத்தைத் தையில பாப்போம்.”

“தை பிறந்ததும் நானே வந்து உங்களிடம் நாள் கேட்கிறேன்.”

“மரம் நாளைக்கே வரும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி கண்ணைவிட்டு மறைந்ததும் கொம்பையா உளியைக் கல்லில் தட்டி ஒரு தாளம் போட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சித்திரை கடைசியில் மலையில் இடி விழுந்தது. கோடைமழை. இரண்டே மணி நேரம்தான் பெய்தது. ஆனால் மூன்றாவது தூணின் குழியைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கப் போட்டிருந்த களிமண் கரையை ஆறு வழித்துக்கொண்டு போய்விட்டது. குழி முழுக்கச் சேறும் மணலும். கொம்பையா கரையில் நின்று தலையில் கைவைத்தார். எல்லோரும் திருமேனியைப் பார்த்தார்கள்.

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“கொம்பையா, திரும்ப அள்ளிக் கரை போட எத்தனை நாள்?”

“ஒம்பது சாமி.” குரல் உடைந்திருந்தது.

“மெய்யான ஒன்பதா?”

“மெய்யான ஒம்பது.”

திருமேனி சுருளை எடுத்து, வெற்றுக் கட்டங்களில் ஒன்பதை அடித்தார். “எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு இருக்கிறது.”

 கொம்பையா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு முதல் ஆளாகச் சேற்றில் குதித்தார். எட்டே நாளில் முடித்துவிட்டு வந்து, ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வைகாசி போனதே தெரியவில்லை. நான்காம் தூண் எழுந்தது. பட்டைகள் சிவக்கச் சிவக்கப் பட்டறையிலிருந்து வந்தன. உத்திரங்கள் ஏறின. கயிறு இழுக்க இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் கூழ் கொண்டுவந்தார்கள். மலையில் கடைசி மூட்டத்தைப் பிரித்துவிட்டு இசக்கியும் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தாள். அவள் கை பட்ட இடமெல்லாம் கயிறு கறுத்தது.

தொண்ணூற்றேழாம் நாள் நடுப்பகலில் அருணாசல ஆசாரி கடைசிப் பலகையில் கடைசி ஆணியை அடித்தார். சத்தம் நின்றது. ஏழு ஊரும் ஒரு கரையில், மடம் மறு கரையில்.  பிறகு யாரோ ஒருவர் ஓவென்று கத்தினார். அவ்வளவுதான், இரண்டு கரையும் சேர்ந்து எழுப்பிய சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கொம்பையாவை ஆட்கள் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஓடினார்கள். பேச்சியப்பன் ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஆவுடையப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோனார்.

திருமேனி மட்டும் கரையிலேயே நின்றார்.  கிரகணம் சொன்னபடி பிடித்த நாளெல்லாம் அவர் மகிழ்ந்திருக்கிறார். இது அதுபோல இல்லை. சூரியன் அவர் சொல்லாவிட்டாலும் மறைந்திருக்கும்.

ஆனி பிறக்க மூன்று நாள் இருக்கும்போதே, அன்று மாலை மழை பிடித்தது. விடிந்தபோது நீலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வேரோடு பிடுங்கிய மரங்கள் வந்து தூண்களில் மோதின. தூண்கள் நின்றன. தண்ணீர் பலகைக்கு இரண்டு முழம் கீழே சீறியது. பாலம் அசையவில்லை.

ஆனி பன்னிரண்டாம் நாள் மதியம் ஒருவன் மழையில் பாலத்தின் மேல் ஓடிவந்தான். “அம்மா, என் வீட்டுக்காரிக்கு வலி. கால் முதல்ல தெரியுதாம்.” உலகம்மை மூட்டையை எடுத்தார். திருமேனி ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பாலத்தின் நடுவில் வெள்ளத்தின் இரைச்சல் காதை அடைத்தது. உலகம்மை ஒரு முறைகூடக் கீழே பார்க்கவில்லை. நேரே நடந்தார். திருமேனிதான் பார்த்தார். போன ஆடியில் குரு இறங்கிக் கடக்கப் பார்த்த ஆற்றில் இப்போது மூன்று ஆள் ஆழத்துக்குச் சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை பொங்கி வந்தது. மழை இருந்ததால் தெரியவில்லை.

இரண்டு நாழிகை கழித்துக் குடிசைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது. தாயும் பேசினாள். வெளியே நின்றவர்கள் மழையிலேயே குலவையிட்டார்கள். அந்த மழைக்காலத்தில் கிழக்குக் கரையில் பதினான்கு குழந்தைகள் பிறந்தன. பதினான்கு தாய்மாரும் எழுந்து நடந்தார்கள்.

ஆவணியில் வெள்ளம் வடிந்தபோது, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் மடத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஊருக்குக் குறுக்கேயும் ஓர் ஆறு. பாலத்தின் பெருமை அதுவரை போயிருந்தது.

அவர்களில் மூத்தவர் திருமேனியை வணங்கினார். “சாமி, எங்க ஆறு இதைவிடச் சின்னது. நீங்க நூறு நாளுல இதைக் கட்டினீங்களாம். எங்களுக்கு எத்தனை நாளாகும்?”

திருமேனி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“எனக்குத் தெரியாது.”

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “தெரியாதா? உங்களுக்கேவா?”

“உங்கள் ஊரில் கல் உடைப்பவர் பெயர் என்ன?” என்று கேட்டார் திருமேனி. “மரம் அறுப்பவர் யார்? அவருக்கு இரும்பு எங்கிருந்து வரும்?”

மூத்தவருக்குச் சலிப்புத் தட்டியது. இவரைவிட்டுவிட்டு உலகம்மையிடம் திரும்பினார்.

“அம்மா, நாங்க எவ்வளவோ தூரம் நடந்து வந்திருக்கோம். இவர் ஒரு நாள் குறிச்சுக் கொடுத்தா எடுத்துட்டுப் போய் வேலையைத் தொடங்கிருவோம். நீங்களாவது சொல்லுங்க.”

உலகம்மை திருமேனியின் மேல்துண்டையும் துணிச்சுருளையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

“அழைத்துப் போங்கள்” என்றார் வந்தவர்களிடம். “உங்கள் பாலம் தொடங்கிவிட்டது.”